லண்டன் தேவாலயத்துக்கு எழும்பூரில் ஒரு தங்கச்சி! சென்னையின் பழைய சர்ச்சுகளை ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியிலிருந்து போய்ப் பார்ப்பது எப்படி?

லண்டனுக்கு ஆன்சைட் போன நண்பர்கள் முதல் வாரத்தில் ஸ்டேட்டஸ் வைக்கும் படங்களில் ஒன்று டிராஃபல்கர் சதுக்கத்தில் எடுத்ததாக இருக்கும். பின்னணியில் ஒரு தேவாலயம். முன்னால் கிரேக்கக் கோயில் மாதிரி வரிசையாகத் தூண்கள், அதற்கு மேலே ஊசியாக ஏறும் கோபுரம். செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் என்று பெயர். ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, 1726-இல் கட்டி முடித்தது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? பார்த்திருக்கிறீர்கள். பூந்தமல்லியில் பஸ் ஏறி கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் வழியாக சென்ட்ரல் போகும்போது, எழும்பூர் நெருங்கியதும் வலது கைப் பக்கம் மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோபுரம் தெரியுமே, அதுதான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். பழைய சென்னைவாசிகளுக்கு 'கிர்க்'. ஸ்காட்லாந்துக்காரர்கள் சர்ச்சை அப்படித்தான் சொல்வார்கள்.

பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் மாறிய பிறகும் எல்லோர் வாயிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையாகவே இருக்கும் அந்தச் சாலையில், சிக்னலில் நின்றபடி வருடக்கணக்கில் அதைக் கடந்து போகிறோம். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? லண்டனில் செயின்ட் பால் கதீட்ரலைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும். இங்கே கேட் திறந்திருந்தால் போதும். மேற்குப் புறநகரிலிருந்து ஒன்றிரண்டு நாளில் பார்த்துவிடக்கூடிய பழைய தேவாலயங்கள் என்னென்ன, அவற்றில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கும்பிடப் போகிறவர்களுக்கு வழி தெரியும். இது சும்மா பார்க்கப் போகிறவர்களுக்கு.

தரைக்குக் கீழே 150 கிணறுகள்

கிர்க்குக்கு 1818 ஏப்ரல் 6 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1821 பிப்ரவரியில் திறந்தார்கள். கட்டியவர் தாமஸ் ஃபியோட் டி ஹாவிலண்ட், கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தின் இன்ஜினீயர். கொஞ்சம் பிடிவாதக்காரர். மரச்சட்டமே இல்லாமல் செங்கல்லை மட்டும் வைத்து அகலமான வளைவு கட்ட முடியும் என்று காட்டுவதற்காக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு வளைவைக் கட்டிவைத்தார். அது நூறு வருடத்துக்கும் மேல் நின்று, 1937-இல்தான் விழுந்தது.

எழும்பூரில் அவருக்குக் கிடைத்த மனை சுமாரானது. களிமண், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் இடம். 166 அடிக்கு மேல் உயரும் கோபுரத்தைச் சாதாரண அஸ்திவாரத்தில் நிறுத்தினால் ஒரு பக்கம் இறங்கிவிடும். அதற்கு அவர் எடுத்த வழி இங்கிலாந்துப் புத்தகத்தில் இருந்தது இல்லை. இந்த ஊர்க்காரர்களிடம் இருந்தது. கிணறு இறக்குவது.

முறை இதுதான்: தரைமேல் வட்டமாகச் சுவர் எழுப்புவார்கள். உள்ளே ஆள் இறங்கி மண்ணைத் தோண்டி வெளியே அனுப்புவார். அடியில் மண் குறையக் குறைய, சுவர் தன் எடையிலேயே கீழே இறங்கும். கெட்டியான மண் தட்டும்வரை இப்படியே போகும். தண்ணீருக்காகத் தோண்டினால் அது கிணறு. உள்ளே நிரப்பி மேலே கட்டடம் வைத்தால் அது அஸ்திவாரம். கீழடி படங்களில் பார்த்திருப்பீர்களே உறைகிணறு, ஏறக்குறைய அதே குடும்பத்து யோசனை. கிர்க்குக்கு அடியில் இப்படிச் சுமார் 150 கிணறுகள், 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை இறக்கப்பட்டிருக்கின்றன. 200 வருடமாகக் கோபுரம் நேராக நிற்கிறது.

இப்போது உள்ளே வாருங்கள். வாசல் லண்டன் கோயிலை ஞாபகப்படுத்தினாலும், உள்ளே வேறு உலகம். நீளமான கூடம் கிடையாது, வட்டம். சுற்றிலும் 16 தூண்கள், அவற்றின் மேல் கவிழ்த்துவைத்த கிண்ணம் போல ஆழ்ந்த நீல நிறக் குவிமாடம். அண்ணாந்து பார்த்தால் சாயங்கால வானம் மாதிரி இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லண்டன் கோயிலுக்கு கிப்ஸ் முதலில் போட்ட பிளானே வட்டமான கூடம்தான். செலவு அதிகம் என்று அங்கே வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த வரைபடத்தை அவர் 1728-இல் வந்த தன் புத்தகத்தில் சேர்த்துவிட்டார். அதோடு ஒப்பிடும்போது, லண்டனில் காகிதத்தோடு நின்றுபோன கோயிலின் சாயல் எழும்பூரில் எழுந்து நிற்பது தெரியும். ஆக, தங்கச்சி என்று சொன்னோமே, அக்காவுக்குக் கிடைக்காதது தங்கச்சிக்குக் கிடைத்திருக்கிறது!

தூண்களைத் தொட்டால் பளிங்கு போல வழவழப்பாக இருக்கும். பளிங்கு இல்லை; சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் எல்லாம் கலப்பார்கள். 'மெட்ராஸ் சுனம்' என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களில்கூடப் புகழ்ந்த வேலை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த வழவழப்பு புரியும்.

டி ஹாவிலண்ட் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கிணற்றுக்குள் இறங்கியவர், சுண்ணாம்பைத் தேய்த்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. பழைய கட்டடம் எதைப் பார்க்கப் போனாலும் இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

பக்கத்திலேயே வேப்பேரி: ஒரு அகராதி, ஒரு கடன்காரர்

கிர்க்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் வேப்பேரி செயின்ட் மத்தியாஸ் தேவாலயம். இப்போதுள்ள கட்டடம் 1820-களைச் சேர்ந்தது. கட்டடத்தை விட இந்த மனையின் கதைதான் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு முக்கியம்.

முதலில் இங்கே இருந்தது கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி கட்டிய சிற்றாலயம். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பரங்கிமலையில் மறுபடி வருவார். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். 1749-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. திரும்பியதும் அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தில் கத்தோலிக்கர்களின் சொத்துகளைப் பறித்தது. உஸ்கான் 1751-இல் இறந்தார். அடுத்த வருடமே அவருடைய சிற்றாலயம் ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீஷியஸ் கைக்குப் போனது.

1761-இல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் எடுத்துவந்தார்கள். ஆனால் அச்சடிக்கத் தெரிந்த ஆள் கோட்டையில் இல்லை. அதனால் அதுவும் வேப்பேரிக்கு வந்தது. மெட்ராஸ் நகரத்தில் தமிழ் அச்சு வேர்பிடித்தது இப்படித்தான். ஃபப்ரீஷியஸ் தொகுத்த தமிழ் - ஆங்கில அகராதி 1779-இல் இங்கே அச்சானது. அன்றைக்கு ஐரோப்பியர்கள் தமிழை 'மலபார்' மொழி என்று குறிப்பிட்டதால், தலைப்பில் அந்தப் பெயர்தான் இருக்கும். இன்று நீங்கள் போனில் தட்டிப் பார்க்கும் ஆன்லைன் தமிழ் அகராதிகளின் முன்னோர்களில் அதுவும் ஒன்று. அதன் திருத்திய பதிப்பை இப்போதும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

அந்த மனிதரின் கடைசிக் காலம் பாவம். பணத்தை வாங்கிக் கடன் கொடுப்பதில் மாட்டிக்கொண்டு, கடனுக்காகச் சிறைக்கும் போய், 1791-இல் இறந்தார். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தெரிந்தவருக்கு வட்டிக் கணக்கு தெரியவில்லை.

கோட்டைக்குள் குண்டு துளைக்காத கூரை

அடுத்தது தலைமைச் செயலகம் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டை. உள்ளே செயின்ட் மேரி தேவாலயம். 1678 மார்ச் 25-இல் வேலை ஆரம்பித்து, 1680 அக்டோபர் 28-இல் அர்ப்பணிக்கப்பட்டது. இந்தியாவிலுள்ள ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் இதுதான் பழையது. சென்னையில் ஆங்கிலேயர் கட்டி இன்னும் நிற்கும் கட்டடங்களிலும் பழையது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஆச்சரியம் எதுவும் தெரியாது. சுவரின் கனத்தைப் பாருங்கள்: 4 அடி. கூரையைப் பாருங்கள்: மரம் இல்லை, ஓடு இல்லை, பாதி உருளை மாதிரி வளைந்த செங்கல் கூரை. 2 அடி கனம். கட்டடக் கலைஞர் யாரும் இதை வரையவில்லை, கோட்டையின் பீரங்கிப் படையைச் சேர்ந்த எட்வர்ட் ஃபௌல் என்பவர்தான் திட்டம் போட்டார் என்று கருதப்படுகிறது. பீரங்கிக்காரன் கோயில் கட்டினால் எப்படிக் கட்டுவான்? குண்டு விழுந்தாலும் உடையாத மாதிரிதான். 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டுக் குண்டு மழை பொழிந்தபோது அந்தக் கூரையின் அருமை தெரிந்தது.

அதே முற்றுகைதான் வாசலில் தரையெல்லாம் பதித்திருக்கும் கல்லறைக் கற்களுக்கும் காரணம். இவை முதலில் இங்கே இல்லை. கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்றம் - சட்டக் கல்லூரி பக்கம் ஆங்கிலேயர்களின் மயானம் இருந்தது. உயரமான சமாதிகள். முற்றுகையில் பிரெஞ்சு வீரர்கள் அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டு சுட்டார்கள். போர் முடிந்ததும் 'இனி இந்த வம்பே வேண்டாம்' என்று சமாதிகளை இடித்து, எழுத்துப் பொறித்த பலகைக் கற்களை மட்டும் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்துவிட்டார்கள். ஆங்கிலத்தோடு லத்தீன், போர்ச்சுகீசு, ஆர்மீனிய எழுத்துகளும் இருக்கும். 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல் இங்கே இருக்கிறது. இந்தியாவில் ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையது இதுதான் என்பார்கள்.

இந்தத் தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் 1680 நவம்பர் 4-இல். மாப்பிள்ளை எலிஹு யேல். ஆமாம், அமெரிக்காவில் இருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். அப்போது கம்பெனி ஊழியர், பிறகு 1687 முதல் 1692 வரை மெட்ராஸ் கவர்னர். சொந்த வியாபாரத்தில் சேர்த்த சொத்து பற்றிப் புகார் எழுந்து பதவி போனது. 1718-இல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு அவர் அனுப்பிய மூட்டைகளில் துணிகளும் இருந்தன. அதை விற்ற பணத்துக்கு நன்றியாக வைத்த பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது. அவர் காலத்தில் கோட்டை நிர்வாகம் அடிமைகளைக் கப்பலேற்றியதும் கம்பெனி ஆவணங்களிலேயே இருக்கிறது. அடிமை முறையோடு தனக்கிருந்த பழைய தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-இல் முறைப்படி மன்னிப்பு கேட்டது. ராபர்ட் கிளைவின் கல்யாணமும் 1753-இல் இங்கேதான்.

'வெள்ளைக்காரன் கல்லை நாம் ஏன் காப்பாத்தணும்?'

நியாயமான கேள்வி. சும்மா காபிக் கடையில் மட்டும் கேட்கப்படும் கேள்வியும் இல்லை, கோர்ட்டுக்கே போன கேள்வி.

மயானத்தை இடித்தபோது ஓரிரு சமாதிகளை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று சொல்லவில்லையே. அதில் ஒன்று யேலின் சின்ன வயதிலேயே இறந்த மகன் டேவிடுக்கும், யேலின் மனைவியின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸுக்கும் உரியது. உயர் நீதிமன்ற வளாகத்தில் கூம்பு வடிவில் நிற்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது என்பது சட்டம். வக்கீல்களுக்கும் வழக்காடிகளுக்கும் வண்டி நிறுத்த இடமில்லாத வளாகத்தில் அடுக்கு பார்க்கிங் கட்ட அது தடையானது. சமாதியை இடம் மாற்றும்படி 2023-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விஷயம் மேல்முறையீடு என்று நீண்டது.

இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. அடிமை வியாபாரத்தில் சம்பந்தப்பட்டவரின் குடும்பச் சமாதிக்காக இன்றைய மக்களின் வசதியை ஏன் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று, கல்லை எடுத்துவிட்டால் அந்த அடிமை வியாபாரத்துக்கும் இந்த ஊரில் சாட்சி குறைகிறதே என்பது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் வெறுமனே கம்பி வேலி போட்டு ஒரு நீலப் பலகை வைத்தால் சாட்சி ஆகிவிடாது. யார் இந்த ஆள், இங்கே என்ன நடந்தது என்று தமிழில் நாலு வரி எழுதிவைக்க வேண்டும். கோட்டை தேவாலயத்தின் உட்சுவரில் இருக்கும் நினைவுப் பலகைகளுக்கும் அதுதான். மைசூர்ப் போரில், மராட்டியப் போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் வீரம் ஆங்கிலத்தில் அழகாகப் பொறித்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, பாரிமுனை நெரிசலில் நுழைந்தால் அரண்மனைக்காரன் தெரு. எந்த ராஜாவின் அரண்மனை? எதுவும் இல்லை. 'ஆர்மீனியன்' என்பது நம் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. மெட்ராஸ் ஊர்ப் பெயர்களில் இதைவிட அழகான தவறு வேறு இருக்கிறதா தெரியவில்லை.

வியாபாரத்துக்காகப் பாரசீகம் வழியாக வந்த ஆர்மீனியர்களின் தேவாலயம் 1772-இல் இங்கே எழுந்தது. அதற்கு முன் 1712-இல் கட்டிய ஒன்று வேறு இடத்தில் இருந்தது. பெரிய மரக்கதவைத் தாண்டினால் ஹாரன் சத்தம் குறைந்து, கல்லறைகள் பதித்த முற்றமும் பூச்செடிகளும் வரும். சென்னையில் இப்போது ஆர்மீனியர்கள் ஏறக்குறைய இல்லை. வழக்கமான ஆராதனையும் கிடையாது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் 6 மணிகள். ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. ஞாயிறு காலைகளில் அடிப்பது வழக்கம். மணிகளில் இரண்டு 1837-இல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் பட்டறையில் வார்க்கப்பட்டவை. இன்னொரு மணியில் ஆர்மீனிய எழுத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது. 1808-இல் அதை மறுபடி வார்த்தபோது சேர்ந்திருக்க வேண்டும்.

முற்றத்தில் ஹருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையைத் தேடிப் பாருங்கள். 1794-இல் 'அஸ்தரார்' என்ற இதழை மெட்ராஸில் தொடங்கினார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. ஆர்மீனியாவில் இல்லை, நம்ம பாரிமுனைப் பக்கத்தில்! அதனாலேயே ஆர்மீனியர்கள் சென்னைக்கு வந்தால் இந்தக் கல்லறையைத் தேடி வருகிறார்கள்.

அதே தெருவில் கத்தோலிக்கர்களின் புனித மரியன்னை இணைப் பேராலயம். 'அந்தோணியார் கோயில்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை போனால் எல்லா மதத்தவரும் மெழுகுவத்தியோடு நிற்பார்கள். ஆர்மீனியன் சர்ச்சின் அமைதிக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவே சில கட்டடங்கள்தான் தூரம்.

ஆவடி, அம்பத்தூரிலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு கூடுதல் நிறுத்தம்: ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து கிளம்பி, உங்கள் வீட்டுப் பக்கத்துத் தடம் வழியாகத்தான் வாலாஜா ரோடு போனது. ராயபுரத்தில் இருக்கும் புனித ராயப்பர் தேவாலயத்தைக் கட்டியவர்கள் அதிகாரிகள் இல்லை. துறைமுகம் இல்லாத காலத்தில், கரையிலிருந்து கப்பலுக்கு அலைமேல் படகு ஓட்டிச் சரக்கும் ஆளும் ஏற்றி இறக்கிய உள்ளூர்ப் படகுக்காரர்கள். 1829-இல் கட்டினார்கள். ராயப்பர் என்றால் பேதுரு, அதாவது பீட்டர். ஊர்ப்பெயரே அவரால் வந்தது என்று சொல்வார்கள். இந்தச் சுற்றில் கட்டியவர்களின் அடையாளம் மறையாமல் இருக்கும் கோயில் இது.

தெற்கே போனால்: மலை, காடு, கடல்

இன்னொரு நாள் இருந்தால், பூந்தமல்லிக்காரர்களுக்கு போரூர் வழியாகப் பரங்கிமலை பக்கம்தான். சுமார் 300 அடி உயரம். ஏறும் படிகளை 1726-இல் கட்டிக்கொடுத்தவர், நாம் வேப்பேரியில் பார்த்த அதே உஸ்கான். அதே ஆண்டில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலமும் கட்டினார். இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடம். கிண்டி ஆபீஸுக்குப் போகும் யாரும் அந்த ஆர்மீனியருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான்.

மலை உச்சியில் இருக்கும் கல் சிலுவையைத் தவறவிடாதீர்கள். 1547-இல் போர்ச்சுகீசியர்கள் கட்டட வேலைக்குத் தோண்டியபோது கிடைத்தது. ஓரத்தில் பொறித்திருப்பது பஹ்லவி, அதாவது பழைய பாரசீக எழுத்து. அப்போஸ்தலர் தோமா இந்த மலையில்தான் உயிர் துறந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், போர்ச்சுகீசியர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல் ஆதாரம். 'சர்ச் என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் காணும். மேலே நின்றால் விமானங்கள் மீனம்பாக்கத்தில் இறங்குவதும் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே போதும்.

மயிலாப்பூர் லஸ் கார்னர் தெரியும். லஸ் என்ன வார்த்தை? போர்ச்சுகீசிய மொழியில் வெளிச்சம். கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகள் ஒரு ஒளியைப் பின்தொடர்ந்து வந்து கரை சேர்ந்து கட்டியது என்பது கதை. பிரகாச மாதா கோயில் என்று பெயர். சுற்றிலும் மரம் அடர்ந்து இருந்ததால் 'காட்டுக் கோயில்' என்றும் ஊரார் சொல்வார்கள். கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1516. அதாவது, மெட்ராஸ் என்ற ஊர் 1639-இல் தொடங்குவதற்கு நூறு வருடத்துக்கும் முன்பு.

அங்கிருந்து சாந்தோம் பக்கம்தான். அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை என்று போற்றப்படும் இடத்தின் மேல் நிற்கும் பேராலயம். இப்போதைய வெள்ளைக் கட்டடம் 1896-இல் முடிந்தது. கோபுரம் 155 அடி. கீழே இருக்கும் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி உண்டு. 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் வந்து ஜெபித்த இடம்.

சரி, எப்படிப் போவது?

ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்துவிடுங்கள். அங்கிருந்து மெட்ரோவில் பச்சை வழியில் ஒரே ஸ்டேஷன் எழும்பூர்: கிர்க், வேப்பேரி. நீல வழியில் ஒரே ஸ்டேஷன் உயர் நீதிமன்றம்: அரண்மனைக்காரன் தெரு, கோட்டை. ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம், ஆனால் மே மாதத்தில் வேண்டாம். பூந்தமல்லிக்காரர்கள் நெடுஞ்சாலை பஸ்ஸிலேயே வந்து கிர்க் பக்கம் இறங்கலாம். லஸ்ஸுக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை ஸ்டேஷன். பூந்தமல்லி - கலங்கரை விளக்கம் மெட்ரோ வழித்தடம் முழுதாக ஓடும்போது, பூந்தமல்லியில் ஏறினால் லஸ், சாந்தோம் பக்கமே இறங்கிவிடலாம்.

கோட்டைக்குப் போகும்போது அடையாள அட்டை கட்டாயம் எடுத்துப் போங்கள். தலைமைச் செயலகம் என்பதால் வாசலில் சோதனை உண்டு. சட்டமன்றம் கூடும் நாள்களில் கெடுபிடி அதிகம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஞாயிறு காலை ஆராதனை, திருப்பலி நேரம். மணிச் சத்தமும் பாட்டும் கேட்க ஆசையிருந்தால் அப்போது போய்ப் பின்வரிசையில் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும்தான் நோக்கம் என்றால் வேறு நாள் பகலில் போவது மரியாதை. சனிக்கிழமைகளில் கல்யாணம் இருக்கலாம். கத்தோலிக்கக் கோயில்கள் சிலவற்றில் செருப்பை வெளியே விடுகிறார்கள்; மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து நடந்துகொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்கும் முன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் அநேகமாகச் சரி என்பார்கள்; அதோடு நேரமிருந்தால், பலகையில் எழுதாத நாலு கதையும் சொல்வார்கள்.